ஆன்லைனில் 'ஹாலோயிங் டூல் செட்' வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

மரக்கடைசலில் கிண்ணம் வரைக்கும் வந்துவிட்டு, அடுத்து வாய் குறுகிய ஜாடி, குடுவை என்று போக நினைப்பவர்கள் உள்ளே குடையும் உளி (அதுதான் ஹாலோயிங் டூல்) வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் ஆன்லைனில் வாங்கியது மூன்று உளி கொண்ட செட். ஒன்று நேர் கம்பி, ஒன்று லேசாக வளைந்தது, மூன்றாவது அன்னக் கழுத்து போல் வளைந்தது. 16 மி.மீ. கம்பி, ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல், சூட்டைத் தாங்கும் எஃகு) முனை என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். நன்றாகக் காய்ந்த மாமரத் துண்டில் ஜாடியின் தோள்பகுதியை உள்ளே குடைந்துகொண்டிருக்கும்போது அன்னக் கழுத்து உளி அப்படியே முறுக்கிக்கொண்டு மரத்தில் மாட்டியது. முனையைப் பிடித்திருந்த ஸ்க்ரூ மரை கழன்று, முனை உள்ளேயே தெறித்து, ஜாடி இரண்டாகப் பிளந்தது. முகக் கவசம் போட்டிருந்ததால் காயம் எதுவும் இல்லை.

வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்த்தால் கம்பி 12 மி.மீ. தான். நாலு மில்லிதானே என்று விட்டுவிட முடியாது. உருண்டைக் கம்பியின் விறைப்பு விட்டத்தின் நான்காம் மடியைப் பொறுத்தது, அதனால் அதே அழுத்தத்துக்கு இது 16 மி.மீ. கம்பியைவிட மூன்று மடங்குக்கு மேல் வளையும். டூல் ரெஸ்டுக்கு (லேத்தில் உளியைத் தாங்கும் கட்டை) அப்பால் நீட்டும் நீளம் இரட்டித்தால் வளைவு எட்டு மடங்கு. ஜாடிக்குள் முனை எங்கே இருக்கிறது என்று கண்ணுக்கே தெரியாத வேலையில் இப்படி ஒரு கம்பியைக் கொடுப்பது அநியாயம்.

எஃகு எந்த ரகம் என்று பொறியை வைத்துப் பார்க்க, முனையைச் சாணை பிடிக்கும் கிரைண்டரில் வைத்தேன். வெள்ளை வெளேரென்று பூவாகச் சிதறியது பொறி. ஹெச்எஸ்எஸ் பொறி மங்கலான செம்மஞ்சளாக, கொஞ்சமாக, அவ்வளவாகச் சிதறாமல் கோடாக வரும். இது வெறும் கார்பன் ஸ்டீல். ஹெச்எஸ்எஸ் 600 டிகிரி அளவுக்குச் சூடானாலும் தாங்கும், இதுவோ 300 டிகிரியிலேயே நீலம் பாய்ந்து பதம் போய்விடும், அதாவது தீட்டும்போதே கெட்டுவிடும்.

இதைவிட மோசம் அந்த வளைவு. அன்னக் கழுத்து உளியில் கம்பி வளைந்து போனாலும் வெட்டும் முனை கைப்பிடியின் மையக் கோட்டுக்குப் பக்கத்தில் திரும்பி வந்து நிற்க வேண்டும், டூல் ரெஸ்டில் எப்போதும் நேர் பாகம்தான் உட்கார வேண்டும். எனக்கு வந்ததில் முனை கோட்டை விட்டு நன்றாகவே விலகி நிற்கிறது, வளைவோ பின்னால் கைப்பிடி அருகிலேயே தொடங்கிவிடுகிறது. அப்புறம் எவ்வளவு பலமாகப் பிடித்தாலும் கையில் முறுக்கத்தான் செய்யும்.

விற்றவரிடம் அளவெடுத்த படத்தோடு கேட்டேன். "யூஸ் பண்ணின டூல் ரிட்டர்ன் எடுக்க மாட்டோம் சார், முனை தேயுற ஐட்டம்" என்று பதில். நான் கேட்டது தேய்மானத்தைப் பற்றியே இல்லை, சொன்ன பொருள் வரவில்லை என்பதைத்தான். 2020 மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப வாங்க மாட்டேன் என்று விற்பவர் மறுக்கக் கூடாது. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன், பணம் இன்னும் வரவில்லை. அங்கே முடியாவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணமே கிடையாது.

நீங்கள் வாங்குவதாக இருந்தால், கம்பியில் வெர்னியர் வைத்த படம் ஒன்றும், கைப்பிடி முதல் முனை வரை நேர் மேலிருந்து எடுத்த படம் ஒன்றும் கேளுங்கள். முனையும் ஸ்க்ரூவும் தனியாகக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். படம் அனுப்பத் தயங்குகிறவரிடம் வாங்கவே வாங்காதீர்கள். இதே மாதிரி செட் ஏற்கெனவே கையில் இருந்தால் அந்த அன்னக் கழுத்து உளியை மட்டும் தயவுசெய்து லேத் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.