துடிப்பைக் குறைத்து வேகத்தைக் கூட்டிய சிப்: ரைசன் 7 5800எக்ஸ்3டி மதிப்பீடு

ஏஎம்டி நிறுவனம் 2022 ஏப்ரலில் வெளியிட்ட ரைசன் 7 5800எக்ஸ்3டி நுண்செயலியை என் மேசைக் கணினியில் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகப் பயன்படுத்தி வருகிறேன். அதே குடும்பத்தில் 2020 நவம்பரில் வந்த 5800எக்ஸ் உச்சத்தில் 4.7 கிகாஹெர்ட்ஸ் வரை ஓடும், இது 4.5-ஐத் தாண்டாது. அடிப்படை வேகமும் 3.8-லிருந்து 3.4-ஆக இறங்கியிருக்கிறது. கோர்கள் எனப்படும் கணக்கிடும் பகுதிகள் இரண்டிலும் எட்டு, மின் வரம்பு இரண்டிலும் 105 வாட். விவரப் பட்டியலை மட்டும் படிக்கும் ஒருவர், புதிதாக வந்ததை எதற்காக வாங்க வேண்டும் என்றுதான் கேட்பார். ஆனால் விளையாட்டுகளிலும், பெரிய தரவுத் தொகுதியைத் திரும்பத் திரும்பத் துழாவும் கணக்கீடுகளிலும், துடிப்பில், அதாவது கடிகார வேகத்தில், பின்தங்கிய இந்தச் சிப்பே முந்துகிறது. அதற்கான காரணம் இந்தச் சிப்புக்குள் மட்டும் இல்லை, நுண்செயலிகள் கடந்து வந்த ஐம்பது ஆண்டுப் பாதையில் இருக்கிறது. நான் பயன்படுத்திய ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு சிப் நல்லதா இல்லையா என்பதை அதன் கடிகார வேகம் எனக்குச் சொன்னதில்லை. அது எவ்வளவு நேரம் தரவுக்காகக் காத்துக்கிடந்தது என்பதுதான் சொன்னது.

நான் முதன்முதலில் கைவைத்த நுண்செயலி 8085. இன்டெல் 1976-இல் வெளியிட்ட அந்தச் சிப்புக்கு 40 கால்கள், ஏறத்தாழ 6,500 டிரான்சிஸ்டர்கள், 3 மெகாஹெர்ட்ஸ் வேகம். கல்லூரி ஆய்வகத்தின் பயிற்சிப் பலகையில் பதினாறு எண் விசைகளைக் கொண்டு 3ஈ 05, 06 07, 80, 32 50 20, 76 என்று ஒவ்வொரு பைட்டாக உள்ளிட்டு ஓடவிட்டால், 2050 என்ற முகவரியைத் திறக்கும்போது சிவப்பு எழுத்தில் 0சி என்று தெரியும். ஐந்தும் ஏழும் சேர்ந்த பன்னிரண்டைப் பதினாறடிமான எண்முறையில் எழுதும் விதம் அது. அந்த இயந்திரத்தில் மறைந்த வேலை எதுவும் இல்லை. ஒவ்வொரு கட்டளைக்கும் எத்தனை துடிப்பு என்று கையேட்டில் அச்சிட்டிருக்கும். அவற்றைத் தாளில் கூட்டினால், நிரல் முடிய எத்தனை மைக்ரோ வினாடி ஆகும் என்று ஓடவிடும் முன்பே சொல்லிவிடலாம். அந்தக் கணக்கு பொய்க்காமல் இருந்ததற்கு ஒரே காரணம், நினைவகம் சிப்புக்கு ஈடு கொடுத்தது என்பதே. ஒரு பைட்டைப் படிக்க 8085 மூன்று துடிப்புகளை, அதாவது ஒரு மைக்ரோ வினாடியைச் செலவிட்டது. அக்கால நினைவகச் சிப்புகள் அதில் பாதி நேரத்திலேயே விடை தந்துவிட்டன. ஆகவே கேட்டது உடனே கிடைத்தது, யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

அதற்கும் முந்தைய இன்டெல் 4004-ஐ நான் படங்களில் மட்டுமே பார்த்திருக்கிறேன். பிசிகாம் என்ற ஜப்பானியக் கணக்கீட்டுக் கருவி நிறுவனம் தனக்கென்றே பல சிப்புகளை வடிவமைத்துத் தருமாறு இன்டெலைக் கேட்டபோது, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சிப் என்பதை விட்டு, நிரலால் இயங்கும் பொதுவான ஒரு சிப்பைச் செய்யலாம் என்று அங்கிருந்த பொறியாளர் டெட் ஹாஃப் முன்வைத்த யோசனையிலிருந்து அது பிறந்தது. ஃபெடரிகோ ஃபேகின் அதைச் சிலிக்கானில் வடித்து, ஓரத்தில் தன் பெயரின் முதலெழுத்துகளையும் பொறித்துவைத்தார். 1971 நவம்பரில் அது வெளிவந்தபோது 16 கால்களும் 2,300 டிரான்சிஸ்டர்களும் இருந்தன. என் கையில் இருக்கும் 5800எக்ஸ்3டி-யைத் திருப்பிப் பார்த்தால், தலைமுடி போன்ற 1,331 ஊசிகள் நிற்கின்றன.

இந்த இரண்டுக்கும் நடுவே காத்திருப்பு எப்போது நுழைந்தது என்று தேடினால் 1980-களின் நடுப்பகுதிக்கு வந்து நிற்போம். 1978-இல் வந்த 8086-இன் கட்டளைத் தொகுதியை, ஐபிஎம் தன் 1981-ஆம் ஆண்டுப் பர்சனல் கம்ப்யூட்டருக்கு 8088 வடிவில் எடுத்துக்கொண்டதால், அது உலகத்துக்கே பொதுமொழி ஆகிவிட்டது. (இந்தத் தொடர்ச்சி எவ்வளவு பிடிவாதமானது என்றால், மின்சாரம் கொடுத்ததும் இந்த எட்டுக் கோர் ரைசனும் 8086-இன் பதினாறு பிட் நிலையில்தான் கண்விழிக்கிறது, பிறகுதான் படிப்படியாக நிகழ்காலத்துக்கு வருகிறது.) 1985-இல் 2,75,000 டிரான்சிஸ்டர்களோடு 386 வந்தபோது, நினைவகத்தால் அதனோடு சேர்ந்து ஓட முடியவில்லை. நினைவகத் தொழில்நுட்பம் கொள்ளளவில் பாய்ந்ததே ஒழிய, விடைதரும் நேரத்தில் மெல்லத்தான் நகர்ந்தது. நல்ல மதர்போர்டுகளில் கேஷ் என்ற சிறிய விரைவு நினைவகத்தைச் சிப்புக்கு அருகே வைத்தார்கள். 1989-இல் வந்த 486, பன்னிரண்டு இலட்சம் டிரான்சிஸ்டர்களைக் கொண்டு, 8 கிலோபைட் கேஷைத் தன் உள்ளுக்கே இழுத்துக்கொண்டது.

நான் சொந்தமாக வைத்திருந்த முதல் கணினியில் 486டிஎக்ஸ்2 இருந்தது. உள்ளே 66 மெகாஹெர்ட்ஸ், வெளியே 33. பாதி வேகத்தில் பேசும் வெளியுலகத்தோடு அந்தச் சிப் எப்படி முழு வேகத்தில் உழைக்க முடியும் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. அந்த 8 கிலோபைட்தான் விடை. அடிக்கடி தேவைப்படுவதை அருகிலேயே வைத்திருந்ததால், பெரும்பாலான நேரம் அதற்கு வெளியே போகும் அவசியமே வரவில்லை. ஒருமுறை பயாஸில் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் அடிப்படை நிரலில்) கேஷை அணைத்துவிட்டுக் கணினியைத் தொடங்கிப் பார்த்தேன்; கோப்புப் பட்டியல் வரி வரியாக ஊர்ந்து இறங்கியது. துடிப்பு அதே 66-தான், இயந்திரம் மட்டும் வேறு.

1993-இல் பென்டியம் இரண்டு கட்டளைகளை ஒருசேர நடத்தியது. என்னைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய பாய்ச்சல் 1995-இல் வந்த பென்டியம் புரோ. வரிசையில் முதலில் நிற்பவரின் ஆவணம் வந்து சேரவில்லை என்றால், அதற்காக மொத்த வரிசையையும் நிறுத்திவைக்காமல், ஆவணத்தோடு தயாராக நிற்பவரை முன்னே அழைத்து வேலையை முடித்து, கடைசியில் எல்லாம் முறைப்படி நடந்தது போலவே பதிவேட்டில் எழுதிவைக்கும் எழுத்தரைப் போல அது கட்டளைகளை நடத்தியது. காத்திருப்பைத் தவிர்க்க முடியாவிட்டாலும் அந்த நேரத்தை வேறு வேலையால் நிரப்பலாம் என்ற இந்த எண்ணம்தான் இன்றைய மேசைக் கணினிச் சிப்புகள் அனைத்துக்கும் அடித்தளம்.

இந்தப் பாதையிலிருந்து தொழில்துறை விலகிப்போன காலம் ஒன்று உண்டு. 2000 நவம்பரில் வந்த பென்டியம் 4, துடிப்பை உயர்த்துவதையே குறியாகக் கொண்டு, கட்டளையின் பயணத்தை 20 சிறு படிகளாக நறுக்கியது; 2004-இல் வந்த பிரெஸ்காட் வடிவத்தில் படிகள் 31 ஆயின. நிரல் அடுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்ற கணிப்பு பிழைத்துவிட்டால், அந்த நீண்ட வரிசையில் பாதி வழி வந்தவற்றை எல்லாம் துடைத்தெறிந்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கினால் மின் அழுத்தமும் வெப்பமும் தாமாகவே குறையும் என்ற பழைய விதியும் அதே நேரத்தில் ஓய்ந்துபோயிற்று. 3.8 கிகாஹெர்ட்ஸை எட்டிய அந்த வரிசையில், 4 கிகாஹெர்ட்ஸ் சிப் வரும் என்ற அறிவிப்பை இன்டெல் 2004 அக்டோபரில் கைவிட்டது. 2006 ஜூலையில் அதே நிறுவனம் கோர் 2 டுவோவைக் கொண்டுவந்தது: இ6600 மாதிரிக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ், இரண்டு கோர்கள், இரண்டுக்கும் பொதுவாக 4 மெகாபைட் கேஷ். 3 கிகாஹெர்ட்ஸ் கணினியை விட்டு நான் அதற்கு மாறியபோது, வேகத்தைக் குறைத்துக்கொள்வதாக நண்பர்கள் எச்சரித்தார்கள். முதல் நாளே, இரவு முழுவதும் ஓடும் என்று விட்டிருந்த ஒரு கணக்கு நான் தூங்கப் போவதற்கு முன்பே முடிந்திருந்தது.

5800எக்ஸ்3டி செய்திருப்பதும் இதே வேலைதான், ஆனால் உயரத்தில். எட்டுக் கோர்களும் 32 மெகாபைட் கேஷும் கொண்ட சிப்பின் மேல், 64 மெகாபைட் கேஷ் மட்டுமே கொண்ட இன்னொரு சிலிக்கான் துண்டை அடுக்கி, ஈயப் பற்றாசு இல்லாமல் செம்போடு செம்பை நேரடியாகப் பிணைத்திருக்கிறார்கள். மொத்தம் 96 மெகாபைட். 8085-ஆல் முகவரியிட முடிந்த முழு நினைவகமே 64 கிலோபைட்தான். அப்படிப்பட்ட நினைவகங்கள் 1,536 இந்தக் கேஷுக்குள் அடங்கும். இதில் இருக்கும் தரவு ஏறத்தாழ 50 துடிப்புகளில் கோரின் கைக்கு வந்துவிடுகிறது. அதே தரவுக்கு ரேம் வரை போக நேர்ந்தால், கோர் முந்நூறு துடிப்பளவுக்குக் காத்திருக்க வேண்டும். ஆய்வகத்தில் சிப்போடு சமமாக நடந்த நினைவகம் இன்று எவ்வளவு பின்தங்கிவிட்டது என்பதை இந்த இரண்டு எண்களும் காட்டுகின்றன. 4.7 கிகாஹெர்ட்ஸில் காத்திருப்பதைக் காட்டிலும் 4.5-இல் வேலை செய்வது மேல் என்பதைத்தான் இந்தச் சிப் தன் வடிவத்தாலேயே சொல்கிறது.

பயன்பாட்டில் இது எப்படித் தெரிகிறது? விமான ஓட்டப் பாவனை விளையாட்டுகளிலும், ஆயிரக்கணக்கான பொருள்களின் நிலையை ஒவ்வொரு கணமும் கணக்கிடும் நகர நிர்மாண விளையாட்டுகளிலும் முன்னேற்றம் கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. சராசரி வேகம் கூடியதைவிட, நெரிசலான காட்சிகளில் வந்துகொண்டிருந்த சிறு திக்கல்கள் மறைந்ததே எனக்குப் பெரிதாகப் படுகிறது. காணொளியைச் சுருக்குவது, பெரிய நிரலைத் தொகுப்பது போன்ற வேலைகளில் கதை வேறு. அங்கே தரவு ஒழுங்காக ஓடிவருவதாலோ சிறிய கேஷிலேயே அடங்கிவிடுவதாலோ, கூடுதல் அடுக்குக்கு அதிக வேலை இருப்பதில்லை; 200 மெகாஹெர்ட்ஸ் குறைவு அப்படியே வெளிப்பட்டு, 5800எக்ஸ் சற்று முந்திவிடும்.

வெப்பம் இதன் மெய்யான குறை. மேலே ஓர் அடுக்கு கூடியிருப்பதால் கோர்களின் சூடு வெளியேறும் வழி நீண்டிருக்கிறது. அனுமதிக்கப்பட்ட உச்சம் 90 பாகை செல்சியஸ், முழுப் பளுவில் நல்ல குளிர்விப்பான் இருந்தும் 80-ஐத் தாண்டிப் போவதைப் பார்க்கிறேன். அடுக்கப்பட்ட கேஷ் அதிக மின் அழுத்தத்தைத் தாங்காது என்பதால் ஓவர்கிளாக் செய்யும், அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டும், வசதியைப் பூட்டியே வெளியிட்டார்கள். அந்த முடிவு சரியானது என்றே நினைக்கிறேன், ஆனால் அதில் ஆர்வம் உள்ளவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.

மின்சாரச் சிக்கனத்தை முதலிடத்தில் வைப்பவருக்கு இந்தக் குடும்பமே ஏற்றதன்று. அந்தக் கிளை வேறு இடத்தில் முளைத்தது. 1985-இல் ஏகார்ன் நிறுவனத்தில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் வடிவமைத்த முதல் ஆர்ம் சிப்பைச் சோதித்தபோது, அது ஓடிக்கொண்டிருந்தும் மின்னோட்டமானி சுழியத்தைக் காட்டியது. தேடிப் பார்த்ததில், சிப்புக்கு மின் இணைப்பே கொடுக்கப்படவில்லை. மற்றக் கால்களின் வழியே கசிந்து வந்த மின்சாரத்தில் அது ஓடியிருக்கிறது. கைப்பேசிகளும், ஆப்பிள் 2020-இல் வெளியிட்ட எம்1 சிப்பும் அந்த வம்சத்தில் வந்தவையே.

பாதுகாப்பு பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அதுவும் இந்தக் காத்திருப்போடு பிணைந்தது. 2018 ஜனவரியில் வெளிவந்த ஸ்பெக்டர் என்ற ஓட்டை, முன்கூட்டியே ஊகித்து ஓடும் கட்டளைகள் கேஷில் விட்டுச்செல்லும் தடத்தை, ஒரு தரவு விரைவாக வந்ததா தாமதமாக வந்ததா என்று அளந்தே கண்டுபிடிக்கிறது. நாற்பது ஆண்டு முயன்று சேர்த்த விரைவே இரகசியத்தைக் காட்டிக்கொடுத்தது எனக்கு இன்றும் வருத்தம் தரும் செய்தி. இயங்குதளத்தையும் பயாஸையும் புதுப்பித்து வைப்பதை இந்தச் சிப்பிலும் தள்ளிப்போடக் கூடாது.

பொருத்துவது எளிது, கழற்றுவதில்தான் கவனம் தேவை. நெம்புகோலைத் தூக்கி, மூலையிலுள்ள பொன்னிற முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு சேர்த்து வைத்தால், தன் எடையிலேயே உள்ளே அமரும், அழுத்தவே கூடாது. பழைய சிப்பை எடுக்கும்போது குளிர்விப்பானை நேராக மேலே இழுத்தால், இரண்டுக்கும் நடுவே தடவி இறுகிப்போன தெர்மல் பேஸ்ட் சிப்பையும் சேர்த்துப் பிடுங்கிவிடும், ஊசிகள் வளையும். கணினியைச் சற்று நேரம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, மின்கம்பியைக் கழற்றியபின் குளிர்விப்பானை இடமும் வலமுமாக மெல்லத் திருகிப் பிறகு தூக்க வேண்டும். பெட்டியில் குளிர்விப்பான் வராது. சிப்பில் கிராஃபிக்ஸ் இல்லை என்பதால் தனி அட்டையும் கட்டாயம்.

இந்தச் சிப்புக்கான ஏஎம்4 சாக்கெட் கொண்ட மதர்போர்டும் டிடிஆர்4 ரேமும் ஏற்கெனவே வைத்திருந்து, முதல் அல்லது இரண்டாம் தலைமுறை ரைசனில் விளையாடிக்கொண்டிருப்பவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்; பழைய சிப் உள்ளே இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட்டு மாற்றினால் போதும், வேறெதையும் தொட வேண்டியதில்லை. 5800எக்ஸ் வைத்திருந்து காணொளி வேலை மட்டும் செய்பவர்கள் மாற வேண்டாம். புதிதாக முழுக் கணினியும் கட்டுபவர்கள் இதே அடுக்குக் கேஷ் கொண்ட ஏஎம்5 தலைமுறைச் சிப்புகளைப் பார்ப்பது நல்லது. எதை வாங்கினாலும், விவரப் பட்டியலில் கிகாஹெர்ட்ஸுக்கு முன்பாக எல்3 கேஷ் என்ற வரியை, இந்தச் சிப்பின் 96 மெகாபைட் இருக்கும் அந்த வரியை, படித்துவிடுங்கள்.