அதே ஷோரூம், ஆறு வருஷம் கழித்து

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஷோரூம் பெயரையும் கார் கம்பெனி பெயரையும் எழுதப் போவதில்லை. இன்னும் ஐந்து வருஷம் அதே இடத்தில்தான் சர்வீஸுக்கு விட வேண்டும். அம்பத்தூர் பக்கம், கண்ணாடிச் சுவருக்குள் நாலு கார், வாசலில் ஒரு பிள்ளையார், உள்ளே எலும்பு வரை இறங்கும் ஏசி என்று நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே இரண்டு முறை கார் வாங்கியிருக்கிறேன். முதல் முறை 2019 செப்டம்பர், அடுத்தது 2025 அக்டோபர். இரண்டாவது முறை, அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த என் தங்கச்சி வீட்டுக்காரரும் கூட வந்தார். அவர் வராமல் இருந்திருந்தால் இது வெறும் திட்டுக் கடிதமாகப் போயிருக்கும்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில், கார்களுக்கு ரப்பர் பாகங்கள் செய்யும் ஒரு சின்ன யூனிட்டில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறேன். கார் விற்றால்தான் எங்களுக்கு ஆர்டர். ஆகவே மாதா மாதம் வரும் கார் விற்பனைக் கணக்கை, மற்றவர்கள் சினிமா வசூலைப் பார்ப்பதுபோல் பார்ப்பேன்.

2019 ஆகஸ்ட் கணக்கு வந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. முந்தைய ஆகஸ்டைவிடப் பயணிகள் வாகன விற்பனை 31 சதவீதத்துக்கு மேல் விழுந்திருந்தது. வாகனத் தயாரிப்பாளர்கள் சங்கமான சியாம் 1997-98-இல் கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து அப்படி ஒரு மாதம் வந்ததில்லை. எங்கள் யூனிட்டில் வாரத்துக்கு நாலு நாள்தான் மெஷின் ஓடியது. எண்ணூரில் அசோக் லேலண்ட் செப்டம்பரில் 16 நாள் வேலையில்லா நாள் என்று அறிவித்தது. அதே மாதம் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் இங்கே சென்னையில்தான் பத்திரிகையாளர்களைச் சந்தித்தார். இளைய தலைமுறை மாதத் தவணை கட்டிக் கார் வாங்குவதைவிட ஓலா, உபரில் போவதையே விரும்புகிறது, அதுவும் ஒரு காரணம் என்றார். எங்கள் ஷாப் ஃப்ளோரில் அன்று முழுக்க அதுதான் ஜோக். எங்களுக்குத் தெரிந்த காரணங்கள் வேறு. 2018-இல் ஐஎல் அண்ட் எஃப்எஸ் என்ற பெரிய நிதி நிறுவனம் கவிழ்ந்த பிறகு ஃபைனான்ஸ் கம்பெனிகள் கையை இறுக்கிக்கொண்டன. புதுக் கார் வாங்கினால் மூன்று வருஷ மூன்றாம் நபர் காப்பீட்டை ஒரே தடவையில் கட்டு என்ற விதியும் அந்த 2018 செப்டம்பரில்தான் வந்தது. போதாததற்கு, 2020 ஏப்ரலிலிருந்து பிஎஸ் 6 என்ற புதுப் புகை விதிக்கு உட்பட்ட வண்டி மட்டுமே விற்கலாம் என்றாகிவிட்டதால், 'கொஞ்சம் பொறுத்து வாங்குவோம்' என்று பாதிப் பேர் உட்கார்ந்துவிட்டார்கள்.

அப்பேர்ப்பட்ட நேரத்தில் நான் கார் வாங்கப் போனேன். "வேலையே இருக்குமா தெரியல, உனக்குக் காரு கேக்குதா?" என்று வீட்டில் கேட்டார். அப்பாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். ஆட்டோவுக்குக் கொடுப்பதைக் கூட்டிப் பார்த்தேன், தவணையில் முக்கால்வாசி வந்தது. சரி, கிளம்பிவிட்டேன்.

உள்ளே நுழைந்ததும் மூன்று பேர் ஓடி வந்தார்கள். அன்று நான்தான் முதல் வாடிக்கையாளர் என்பது பதினொன்றரை மணிக்கு எடுத்த விசிட்டர் நோட்டைப் பார்த்தபோது தெரிந்தது. காபி வந்தது, பிறகு மோர், நான் கேட்காமலே மறுபடி காபி. சின்ன ஹேட்ச்பேக் ஒன்றுக்கு ரொக்கத் தள்ளுபடி 45,000. இன்சூரன்ஸில் பாதி அவர்கள் தலையில். சீட் கவர், மேட், மட் ஃப்ளாப் எல்லாம் இலவசம். யோசிக்கிறேன் என்று எழுந்ததும் ஒரு கிராம் தங்கக் காசும் சேர்ந்தது. ராத்திரி ஒன்பதரைக்கு மேனேஜரே போன் செய்தார். என் மாமனார் கூட என்னிடம் அவ்வளவு பணிவாகப் பேசியதில்லை.

இவ்வளவு கருணை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். சியாம் சொல்லும் 'விற்பனை' என்பது தொழிற்சாலையிலிருந்து டீலருக்கு அனுப்பிய கணக்கு. நாம் வாங்கிய கணக்கு வேண்டுமென்றால் ஆர்டிஓ பதிவைத்தான் பார்க்க வேண்டும். நடுவில் இருப்பது டீலரின் யார்டு. அந்த வருஷம் எல்லா யார்டும் நிரம்பி வழிந்தது. ஒவ்வொரு வண்டிக்கும் டீலர் பேங்குக்கு வட்டி கட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த காரும் வெயிலில் நின்று காய்ந்ததுதான். டயர் ஓரத்தில் நாலு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருஷம். என் டயரில் 0719. பிப்ரவரி டயரோடு செப்டம்பரில் கார். இதை அவர்களாகச் சொல்லவில்லை. நான் குனிந்து காட்டியதும் இன்னும் 12,000 குறைந்தது. சேல்ஸ் பையன் மெதுவாகச் சொன்னான், "அக்கா, இது போனாதான் எனக்கு இந்த மாசம் இன்சென்டிவ்." அடுத்த பொங்கலுக்கு அவன் அங்கே இல்லை. டீலர்கள் சங்கமான ஃபாடா, அந்த மே முதல் ஜூலைக்குள் மட்டும் ஷோரூம்களில் இரண்டு லட்சம் பேருக்கு வேலை போனதாகச் சொன்னது. அவர்களில் ஒருவரிடம் நான் கார் வாங்கவில்லை, அடுத்த சுற்றில் போனவனிடம் வாங்கியிருக்கிறேன்.

இப்போது 2025-க்கு வருகிறேன். முழங்கால் வலி, கிளட்ச் மிதிக்க முடியவில்லை, ஆட்டோமேட்டிக் வேண்டும். ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் செங்கோட்டையில் ஜிஎஸ்டி குறையும் என்று சொன்னதிலிருந்து யாரும் வண்டி எடுக்கவில்லை. செப்டம்பர் 22 முதல் சின்னப் பெட்ரோல் காருக்கு, செஸ் சேர்த்து 29 சதவீதமாக இருந்த வரி 18 ஆனது. அவ்வளவுதான், கதவு உடைந்த மாதிரி கூட்டம். நாங்கள் போனது ஆயுத பூஜை முடிந்த சனிக்கிழமை. உட்கார நாற்காலி இல்லை. தண்ணீர் கேட்டதற்கு ஒரு பெண் கேனைக் காட்டினாள். பேப்பர் டம்ளர் தீர்ந்திருந்தது.

நாற்பது நிமிஷம் நின்ற பிறகு ஒருவர் வந்தார். தள்ளுபடி உண்டா என்று கேட்டேன். "ஜிஎஸ்டியே தள்ளுபடிதானே மேடம்" என்றார். அது அரசாங்கம் கொடுத்தது, நீங்கள் என்ன கொடுக்கிறீர்கள் என்றேன். சிரித்தார், பதில் இல்லை. ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். ஆக்சஸரீஸ் பேக் 18,500-க்கு எடுத்தால் 'கொஞ்சம் சீக்கிரம் பார்க்கலாமாம்'. என் பழைய காருக்கு 2,40,000 போட்டார்கள்.

தங்கச்சி வீட்டுக்காரர் இதையெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். பழைய காரின் விலையைக் கேட்டதும்தான் வாய் திறந்தார்.

"அக்கா, உந்தக் காருக்கு வெறும் ரெண்டே முக்கால் லட்சம்கூடத் தரமாட்டினமோ? எங்கட இடத்தில எண்டால் சனம் வாசல்ல வந்து நிக்கும்."

அப்புறம் காத்திருந்த நேரத்தில் அவர் கதையைச் சொன்னார். இலங்கை 2020 மார்ச்சில், டாலரை மிச்சம் பிடிக்க வாகன இறக்குமதியையே நிறுத்தியது. அங்கே பெரும்பாலும் ஜப்பானில் ஓடி முடித்த ரீகண்டிஷன் வண்டிகள்தான். அவர்களும் நம்மைப்போல் சாலையின் இடப்பக்கம் ஓட்டுபவர்கள் என்பதால் ஜப்பான் ஸ்டியரிங் அப்படியே பொருந்திவிடும். நம் ஊர் வேகன்ஆரும் அங்கே பிரபலமான வேகன்ஆரும் பெயரில்தான் ஒன்று. அது 660 சிசிக்குள் அடங்கும் ஜப்பான் வண்டி, நம்முடையது 1,000 அல்லது 1,200 சிசி. இந்தியாவிலிருந்து போகும் ஆல்டோவும் அங்கே நிறைய. கப்பல் நின்றதும், ஏற்கெனவே ஊரில் இருந்த வண்டிகள் மட்டுமே கைமாறிக்கொண்டிருந்தன. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்தியது. ஜூன் கடைசியில் பெட்ரோல் லிட்டர் 470 ரூபாய், அதுவும் கிடைத்தால். பிறகு க்யூஆர் கோடு காட்டினால்தான் பெட்ரோல் என்று ஆனது. காருக்கு வாரம் 20 லிட்டர், ஆட்டோவுக்கு 5, பைக்குக்கு 4.

"ரெண்டு நாள் லைன்ல கிடந்தனான், அக்கா. காருக்குள்ளயே நித்திரை. பிறகு சைக்கிள்தான்."

ஓட்ட பெட்ரோல் இல்லாத காருக்கு விலை மட்டும் ஏறியது என்பதுதான் எனக்குப் புரியாத இடம். இவர் 2016-இல் வாங்கிய ஆல்டோவை 2022 கடைசியில் வாங்கிய விலையைப்போல் இரண்டு மடங்குக்கு விற்றிருக்கிறார். ஆறு வருஷம் ஓடிய கார்! அக்கவுன்ட்ஸ்காரி சும்மா இருப்பேனா? போனில் கணக்குப் போட்டேன். 2016-இல் ஒரு டாலர் அவர்களுக்குச் சுமார் 145 ரூபாய், 2022-இல் 360. ரூபாயில் இரண்டு மடங்கு வாங்கியவர் டாலரில் பார்த்தால் போட்டதைவிடக் குறைவாகத்தான் வாங்கியிருக்கிறார். இதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அதை விக்கேக்க நான் கெட்டிக்காரன் எண்டு நினைச்சனான்" என்றார். இன்றுவரை அடுத்த கார் வாங்கவில்லை. 2025 பிப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள். ஆனால் சுங்கம், எக்சைஸ், 18 சதவீத வாட் என்று ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அவருடைய ஹார்ட்வேர் கடை வருமானத்துக்கு எட்டாத இடத்தில் நிற்கிறது.

இதைக் கேட்டபோதுதான் 2019-இல் எனக்குக் கிடைத்த தங்கக் காசு எதற்கென்று சரியாகப் புரிந்தது. நாம் காரை இங்கேயே செய்கிறோம். இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் என்று சென்னையைச் சுற்றியே செய்கிறோம். விற்காவிட்டால் யார்டில் தேங்கும், தேங்கினால் விலை இறங்கும், வாங்குபவன் ராஜா. அவர்களுக்குக் கார் கப்பலில் வர வேண்டும், கப்பலுக்கு டாலர் வேண்டும். டாலர் போனால் வாங்குபவன் கையில் என்ன இருந்தாலும் கடையே கிடையாது. பாகிஸ்தான் இரண்டுங்கெட்டான். அங்கே தொழிற்சாலை உண்டு, பாகங்கள் வெளியிலிருந்து வர வேண்டும். 2022-23-இல் டாலர் தட்டுப்பாட்டில் எல்சி (இறக்குமதிக்குப் பணம் தருவதாக பேங்க் கொடுக்கும் உறுதிக் கடிதம்) திறக்க விடவில்லை, ஆலைகள் நாள்கணக்கில் மூடிக் கிடந்தன, அங்கே மத்திய வங்கியின் வட்டி 22 சதவீதம் வரை போனது. முந்தைய வருஷம் 2.3 லட்சத்துக்கு மேல் விற்ற கார், ஒரு லட்சத்துக்கும் கீழே வந்தது. வாடிக்கையாளரும் இல்லை, வண்டியும் இல்லை.

சரி, ரிவ்யூவுக்கு வருகிறேன்.

விலைப்பட்டியலை வாங்கி வரி வரியாகப் படியுங்கள். 'ஹேண்ட்லிங்' என்று 7,500 போட்டிருந்தார்கள். எதைக் கையாண்டீர்கள் என்று கேட்டதும் எடுத்துவிட்டார்கள். இன்சூரன்ஸை வெளியில் போட்டேன், 9,000 மிச்சம். அதற்காக அந்த ஆள் இரண்டு நாள் என் போனை எடுக்கவில்லை. சாலை வரியை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. 2019-இல் பத்து லட்சத்துக்குள் இருக்கும் காருக்குப் பத்து சதவீதம், 2023 நவம்பரிலிருந்து ஐந்து முதல் பத்து லட்சம் வரை 13. டெல்லி குறைத்ததில் ஒரு பங்கை இங்கே ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது. பழைய காரை எக்ஸ்சேஞ்சில் விடவில்லை, எங்கள் யூனிட் சூப்பர்வைசருக்கே 2,85,000-க்குக் கொடுத்தேன். டெஸ்ட் டிரைவ் கொரட்டூர் வரை நன்றாகவே விட்டார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன்.

ஆறு வாரம் ஏழரை ஆனது. டெலிவரி அன்று பின் பம்பரில் பெயிண்ட் தொட்டு மறைத்த கீறல். வெளிச்சத்துக்கு வெளியே இழுத்து வரச் சொன்னதால்தான் தெரிந்தது, ஏசி அறையில் தெரியவே தெரியாது. பம்பரை மாற்றித் தந்தார்கள், இன்னும் நாலு நாள். அன்றைக்கே டயரையும் குனிந்து பார்த்தேன். மூன்றே வாரம் பழையது. அதற்கு மட்டும் முழு மார்க்.

எலுமிச்சம்பழம் வைத்து வண்டியைக் கிளப்பியதை வீடியோ எடுத்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினேன். "வடிவான கார் அக்கா, பத்திரமா வைச்சிருங்கோ, ஒருநாள் விலை ஏறும்" என்று பதில் வந்தது.

மூன்றாம் நாள் ஷோரூமிலிருந்து போன். கம்பெனியிலிருந்து கூப்பிடுவார்கள், எல்லாவற்றுக்கும் பத்துக்குப் பத்து சொல்லுங்கள் மேடம், ஒன்பது சொன்னால்கூட எங்களுக்கு ஃபெயில் கணக்குதான் என்றார். நான் ஏழு சொல்வதாக இருந்தேன், அதையும் சொன்னேன். ஒரு நிமிஷம் என்று மேனேஜரிடம் பேசிவிட்டு வந்து, ஃப்ளோர் மேட் ஒரு செட் ஃப்ரீயாகத் தருகிறோம் என்றார்.