பெருங்குடி லிட்டி கடை: ஒரு ஸ்டார் குடுத்தவங்கள நம்பி போனேன்

மேப்ல இந்த பீகார் சாப்பாட்டுக் கடைக்கு ரேட்டிங் மூணு சொச்சம்தான். போட்டவங்க முப்பது நாப்பது பேர் இருப்பாங்க. ஒரு ஸ்டார் குடுத்ததையெல்லாம் வேலை மெனக்கெட்டு உக்காந்து படிச்சேன், லிட்டி நல்லா இல்லன்னு ஒருத்தராச்சும் எழுதிருக்காரான்னு பாத்தா ஒண்ணு கூட இல்லங்க. "ஏரியாவே வடக்கன் ஏரியா ஆயிடுச்சு", "ஃபேமிலியோட அந்தப் பக்கம் போக முடியல", "தமிழ் தெரியாதவனுக்கு இங்க என்ன கடை", இப்படியேதான் இருக்கு. ஒருத்தர் உள்ளயே போகலியாம், பைக்ல போறப்ப பாத்தேன்னு அவரே எழுதிட்டு ஒரு ஸ்டாரும் போட்டிருக்காரு, அதுக்கு பதினோரு லைக் வேற. சரி, சாப்ட்டுப் பாத்து எழுத ஒரு ஆளாவது வேணும்ல, நாம போவோம்னு கிளம்பிட்டேன்.

நான் ஒண்ணும் யோக்கியன் இல்ல. எட்டு மாசமா தினம் அந்தக் கடை வாசல்லதான் ஆபீஸ் போய்ட்டு வர்றேன். ஓஎம்ஆர்ல மெட்ரோ தூண் வேலை நடக்கறதால வண்டிய உள் தெருவுல விடுவோம்ல, அந்தத் தெரு. சாயந்தரம் ஆச்சுன்னா ஹெல்மெட் போட்ட பசங்க இருபது பேர் குத்த வச்சு உக்காந்து சாப்பிடுவாங்க, கடுகெண்ணெய் புகை ஒண்ணு மூக்குல ஏறும், நான் ஆக்சிலேட்டர கொஞ்சம் கூட முறுக்கிட்டு போயிடுவேன். ஏன்னு யாராச்சும் கேட்டிருந்தா சுத்தம் அது இதுன்னு ஏதோ சொல்லிருப்பேன். அதே தெரு முனையில சாக்கடை மேல பலகை போட்டு பஜ்ஜி விக்கிற அக்கா கடையில நின்னு தின்னுட்டுதான் போவேன்ங்கறது வேற விஷயம்.

இப்ப சாப்பாட்டுக்கு வருவோம். லிட்டின்னா கோதுமை மாவு உருண்டை, எலுமிச்சம்பழத்தவிட கொஞ்சம் பெருசு, உள்ள சத்து வச்சு கரி அடுப்புல சுடுவாங்க. சத்துன்னா நம்ம சத்து மாவு இல்ல, வறுத்த கடலை மாவு, அவங்க ஊர்ல அதுக்குப் பேரே சத்துதான். அதுல பச்ச மிளகா, பூண்டு, ஓமம், கருஞ்சீரகம், எலுமிச்ச, மாங்கா ஊறுகாயில மிதக்கற எண்ணெய் ஒரு கரண்டி, எல்லாம் போட்டு பிசைஞ்சு வைக்கிறாங்க. சுட்டு முடிச்சதும் சாம்பல துணியால தட்டிட்டு, கையால லேசா அமுக்குனா டப்புனு வாய் பொளக்கும், அப்படியே நெய் டப்பால ஒரு முக்கு. அந்த சத்தத்துக்கே அம்பது ரூவா குடுக்கலாம். ரெண்டு லிட்டி, கூட சோக்கா, அம்பது ரூவாதான்.

சோக்கான்னா என்னமோ ஏதோன்னு நெனச்சேன். சுட்ட கத்திரிக்கா, சுட்ட தக்காளி, வேகவச்ச உருளைக்கெழங்கு, பச்ச வெங்காயம், கடுகெண்ணெய் ஊத்தி மசிச்சது. மொத வாய் வச்சதும் எனக்கு எங்க அப்பத்தாதான் ஞாபகம் வந்தாங்க, விறகடுப்புல கத்திரிக்காய சொருகி வச்சு தோல உரிச்சு துவையல் அரைப்பாங்க, அதே சுட்ட வாசம். என்ன, நம்ம ஆளுங்க புளி வைப்போம், நல்லெண்ணெய் விடுவோம். கடுகெண்ணெய் பழகாத நாக்குக்கு மொத நாள் காரமா மூக்குல ஏறும், மூணாவது தடவை அது இல்லாம ஆகாது. சத்து சர்பத்னு ஒண்ணு இருபத்தஞ்சு ரூவா, சத்த தண்ணில கரைச்சு உப்பு, வறுத்த சீரகம், எலுமிச்ச, பொடி வெங்காயம் போட்டு தர்றாங்க, கம்மங்கூழ் குடிச்சு வளந்தவங்களுக்கு கண்ண மூடிட்டு எறங்கும். மே மாச வெயில்ல சென்ட்ரிங் அடிக்கிற பசங்க அத வச்சுதான் மதியத்த ஓட்டறாங்களாம்.

குறை இல்லாம இல்ல. கை கழுவற இடத்துல சோப் இல்ல, ரெண்டு தடவை சொல்லியும் மூணாவது தடவை ஒரு சோப்புத் துண்டுதான் இருந்துச்சு. எட்டரைக்கு மேல போனா லிட்டி தீந்துடும், வெறும் சப்பாத்தி தருவாரு, அது சுமார்தான். சுவத்துல செவப்புக் கறை இருக்கு, பொய் சொல்ல விரும்பல. குட்காவ இங்க 2013லயே தடை பண்ணாங்க, பாக்கெட் என்னமோ எல்லா ஊர்க்காரன் பாக்கெட்லயும் இருக்கு. கடைக்காரரே வெறுத்துப் போய் யார்கிட்டயோ சொல்லி தமிழ்ல போர்டு எழுதி மாட்டிருக்காரு, "இங்கே துப்ப வேண்டாம்"னு. முன்னாடி கோதுமை மாவு மூட்டைய அடுக்கிட்டதால "வேண்டாம்" மறைஞ்சு "இங்கே துப்ப" மட்டும்தான் தெரியுது. நான் சொன்னப்புறம்தான் அவருக்கே தெரிஞ்சுது, தலையில அடிச்சுக்கிட்டாரு.

கடைக்காரருக்கு முப்பத்தஞ்சு வயசு இருக்கும். சென்னை வந்து பன்னெண்டு வருஷம், மொதல்ல சிறுசேரி பக்கம் பில்டிங் வேலை, அப்புறம் ஒரு லேபர் கேம்ப்ல சமையல், இப்ப சொந்தக் கடை. அவர் பேசற தமிழ நான் இங்க நல்ல தமிழாவே எழுதறேன். "நம்பள்கி நிம்பள்கி"ன்னு நம்ம படங்கள்ல சேட்டு வேஷத்த பேச விட்டு சிரிச்சது போதும். இந்திப் படத்துல நம்மள பட்டை பட்டையா விபூதி போட வச்சு "அய்யய்யோ ஜி"ன்னு பேச வச்சப்ப நமக்கு எங்க சுருக்குன்னு குத்துச்சுன்னு நமக்குத் தெரியாதா.

வந்த புதுசுல "ஏய் வடக்கா"ன்னு கூப்பிட்டா அவருக்கு அது திட்டுன்னே தெரியாதாம். வடை கேக்கறாங்கன்னு நெனச்சு "வடை இல்ல சார்"ம்பாராம். ஒரு வருஷம் கழிச்சு கூட வேல பாத்த செங்கல்பட்டு பையன்தான் அர்த்தம் சொல்லிக் குடுத்தானாம். இத சொல்லிட்டு அவர் சிரிச்சாரு, நானும் சிரிச்சேன், எனக்கு பாதிச் சிரிப்புல நின்னு போச்சு. அதுக்கு முன்னாடி டெல்லில ரெண்டு வருஷம் இருந்திருக்காரு, அங்க "ஏ பீகாரி"ன்னு சொன்னாலே போதுமாம், தனியா கெட்ட வார்த்த தேட வேண்டியதில்ல, ஊர் பேரே கெட்ட வார்த்த. பாஷை புரியாததால சென்னையில மொத வருஷம் நிம்மதியா இருந்தேன்னு சொன்னாரு.

"பையா"ங்கற வார்த்தைய பாருங்க. அவங்க ஊர்ல அண்ணன்னு அர்த்தம். நம்ம ஊர்ல பொடிப்பய. கடைக்கு வர்ற நம்மாளு "பையா, ரெண்டு குடு"ங்கறப்ப அண்ணன்னு சொல்றாரா டேய்ங்கறாரான்னு எனக்கே இதுவரைக்கும் பிடிபடல. மும்பைல வேற, பையான்னாலே யூபி பீகார்காரன மட்டமா சொல்றது.

மும்பைன்னதும் எங்க பெரியப்பா. 60கள்ல மாட்டுங்கால ஒரு மெஸ்ல தங்கி டைப்பிஸ்ட் வேலை பாத்தவரு. 1966ல சிவசேனா ஆரம்பிச்சப்ப அவங்களுக்கு மொத எதிரி முஸ்லிமும் இல்ல யூபிகாரனும் இல்ல, நம்மதான், மதராசி. எந்த கம்பெனியில எத்தன தென்னிந்தியன் உக்காந்திருக்கான்னு பத்திரிகையில பேர் பேரா லிஸ்ட் போட்டாங்க. "பஜாவ் புங்கி, ஹடாவ் லுங்கி"ன்னு கோஷம், அதாவது மகுடிய ஊது, லுங்கிய விரட்டு. உடுப்பி ஹோட்டல் மேல கல்லு விழுந்துச்சு, உடுப்பிக்காரன் கன்னடக்காரன்னு யாரு பாத்தா, எல்லாம் மதராசிதான். பெரியப்பா அன்னைக்கு நிறுத்துனதுதான், மும்பைல இருந்த வரைக்கும் வேட்டி கட்டிட்டு தெருவுல எறங்கவே இல்ல. அந்த லிஸ்ட்ட பத்தி கதை கதையா சொன்ன அதே பெரியப்பா போன மாசம் ஃபேமிலி குரூப்ல ஒண்ணு ஃபார்வர்ட் பண்றாரு, "சென்னையில எந்தெந்த தெருவுல எத்தன கடை வடக்கன் கையில"ன்னு. என்ன பெரியப்பா இதுன்னு கேட்டேன், "அது வேற, இது வேற"ன்னுட்டாரு. எப்படி வேறன்னு இன்னும் சொல்லல.

வடக்குன்னு சொல்றதே தப்பு, அது ஒரு பக்கம். அந்தக் கடையில மாவு பிசையற பையன் ஒடிசா, சர்பத் கலக்கறவன் ஜார்க்கண்ட், சாப்பிட வர்றதுல பாதி பேர் வங்காளம், அசாம். மேப்ப எடுத்துப் பாத்தா அத்தனையும் கிழக்கு. நமக்கு விந்திய மலைக்கு அந்தப் பக்கம் எல்லாம் ஒரே ஊர், அவங்களுக்கு இந்தப் பக்கம் எல்லாம் மதராஸ். மெட்ராஸ் ஸ்டேட்ட 1969ல தமிழ்நாடாக்கி, 1996ல மெட்ராஸ சென்னையாக்கியும் மதராசி மட்டும் போகல பாருங்க.

உடனே சில பேர் வருவாங்க, அப்ப இந்தி திணிப்பு? நானும் எதிர்க்கிறேங்க, பேங்க் கவுண்டர்ல தமிழ் தெரியாத ஆபீசர்கிட்ட எங்கம்மா நின்னு முழிச்சத நேர்ல பாத்தவன் நான். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டக் கதைய வீட்ல சொல்லி வளத்த பிள்ளைதான். ஆனா டெல்லி மேல இருக்க கோவத்த லிட்டி சுடறவர் மேல காட்டறது எந்த ஊரு வீரம்னு தெரியல. அவர் தாய்மொழி இந்தியே இல்ல, போஜ்புரி. அவர் ஊரு மோதிஹாரி, காந்தி 1917ல அவுரி விவசாயிங்களுக்காகப் போன சம்பாரண் பக்கம். அரசியல் சட்டத்தோட எட்டாவது அட்டவணையில 22 மொழி இருக்கு, மைதிலிய 2003ல திருத்தம் போட்டு சேத்தாங்க, போஜ்புரி இன்னும் வெளியிலதான் நிக்குது, சென்சஸ்ல இந்திக் கணக்குலயே சேத்து எண்ணிடறாங்க. இத கேட்டப்ப கல்லாவுல இருந்து காச எண்ணிட்டே, "எங்கம்மாவுக்கு இந்தி டிவி நியூஸ் பாதி புரியாது"ன்னாரு. இந்தி ஒரு மொழிய முழுங்கினா எப்படி இருக்கும்னு நாம மேடை போட்டு பேசறோம், இவரு முழுங்கின எடத்துல இருந்து வந்திருக்காரு.

அதுக்காக அவர மகான் ஆக்க வேண்டாம். ஒடிசாக்காரன் சோம்பேறி, மாவு பிசைய ஒரு மணி நேரம் ஆக்குவான்னு அந்தப் பையன் காதுபடவே சொல்றாரு, அவன் தலைய தூக்காமலே "பீகார்காரனுக்கு வாய்தான் வேலை செய்யும்"ங்கறான். ஊர்ல இருந்து கிளம்பறப்ப அவங்கம்மா சொன்னாங்களாம், மதராசிங்க கோவக்காரங்க, நம்பாதன்னு. நான் மானாமதுரைல இருந்து மெட்ராஸ் கிளம்பறப்ப எங்கம்மாவும் "மெட்ராஸ்காரன நம்பாதடா, பேசிப் பேசியே ஏமாத்திருவான்"னுதான் சொன்னாங்க. வந்து எறங்கி வேளச்சேரில வீடு தேடுனா ஹவுஸ் ஓனர் "மதுரைப் பக்கமாப்பா? அருவா கிருவா பிரச்சனை வரக்கூடாது"ங்கறாரு. சார், எங்க ஊர்ல மண்ணு எடுத்து கடம் பண்ணுவாங்க சார், கச்சேரில வாசிக்கற கடம்னேன். அதெல்லாம் அவருக்கு வேண்டியதில்ல. அட்வான்ஸ் மட்டும் ரெண்டு மாசம் கூட கேட்டாரு.

2023 மார்ச்ச பத்தியும் கேட்டேன். தமிழ்நாட்டுல பீகார்காரங்கள அடிச்சுக் கொல்றாங்கன்னு வீடியோ சுத்துச்சே, அப்ப. ஒண்ணு பீகார் தொழிலாளிங்க ரெண்டு கோஷ்டி அவங்களுக்குள்ள போட்ட சண்டை, இன்னொண்ணு கோயம்புத்தூர்ல உள்ளூர்க்காரங்க ரெண்டு பேரு சண்டை, எல்லாம் பொய்னு நம்ம டிஜிபி சொன்னாரு, பீகார் அரசாங்கமும் அதிகாரிங்கள அனுப்பிப் பாத்தாங்க. அந்த வாரம் கடைய மூடிட்டீங்களான்னேன். மூடலியாம். அவங்கம்மா ஒரு நாளைக்கு பத்து தடவை போன் பண்ணி அழுதாங்களாம், நம்ப வைக்க இவரு வீடியோ கால்ல பக்கத்து மெக்கானிக் ஷெட் அண்ணன காட்டி பேச வச்சாராம். அந்த அண்ணனுக்கு போஜ்புரி தெரியாது, அம்மாவுக்கு தமிழ் தெரியாது, அவரு பாட்டுக்கு லிட்டிய கடிச்சுக் காட்டி "சூப்பர்மா, பயப்படாதீங்க"ன்னிருக்காரு. அண்ணனும் பக்கத்துலதான் நின்னாரு, நான் பாத்ததும் "அன்னைக்கு தின்ன நாலு லிட்டிக்கும் காசு வாங்கிட்டான் சார்"னு சிரிச்சாரு.

போறவங்களுக்கு: ஏழு மணிக்குப் போங்க, அப்பதான் கரில இருந்து எறங்கும். ஜிபே இருக்கு. வண்டிய மெட்ரோ தடுப்பு ஓரமா விடாதீங்க, லாரி திரும்பற எடம். தீபாவளி முடிஞ்சு ஆறாவது நாள் சட் பூஜை வரும், அத ஒட்டி நாலு நாள் கடை கிடையாது, பீச்சுல சூரியனுக்கு பூஜை பண்ணப் போயிடுவாங்க. முடிச்சுட்டு வந்ததும் தேக்குவான்னு வெல்லம் போட்ட கோதுமை பலகாரம் வச்சிருப்பாரு, நம்ம அதிரசத்துக்கு ஒண்ணுவிட்ட தம்பி மாதிரி, கேட்டு வாங்குங்க.

லிட்டிக்கு அஞ்சு. சோக்காக்கு நாலரை. மொத்தமா நாலு போடறேன், சோப்புக்கு அரை, டீக்கு அரை குறைச்சுட்டேன். டீ மட்டும் அங்க குடிக்காதீங்க, பாயாசம் மாதிரி இருக்கு.