கேட்டோ யூனிட்ராக்: ரெண்டு நாய் இருக்கிற ஃப்ளாட்ல ஓட்டிப் பாத்த ரிவ்யூ

வீட்ல நாயும் இருக்கு, ரயில் செட்டும் வேணும்னு இருக்கிறவங்க எந்த ட்ராக் வாங்குறதுன்னு குழம்புறதைப் பாத்துக்கிட்டே இருக்கேன், அதுக்குத்தான் கேட்டோ கம்பெனியோட யூனிட்ராக்ங்கிற மாடல் ரயில் தண்டவாளத்தைப் பத்தி இந்த ரிவ்யூ. பாக்க நிஜமா இருக்கா, ஸ்லீப்பர் இடைவெளி சரியா இருக்காங்கிற ரிவ்யூலாம் ஏற்கனவே நிறைய கிடைக்குது, ஆனா நாய் வளக்குற வீட்டுக்கு அது ரெண்டாவது கேள்வி. எவ்ளோ சீக்கிரம் போடலாம், எவ்ளோ சீக்கிரம் எடுத்து வைக்கலாம், நாய் மிதிச்சா தாங்குமா, முடி விழுந்தா என்ஜினுக்கு என்ன ஆகும், இதான் முதல்ல தெரியணும்.

எங்க வீடு சென்னையில ஒரு ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட். ஒண்ணு லேப்ரடார், பேரு லட்டு, எதைப் பாத்தாலும் வாயில வைக்கும், வருஷம் முழுக்க முடி கொட்டும். இன்னொண்ணு சிப்பிப்பாறை, பேரு வீரா. முயல் வேட்டைக்குன்னே வளத்த இனம், மோப்பத்தை விட கண்ணை நம்பி ஓடுற நாய், அதனால தரையோட தரையா வேகமா எது நகந்தாலும் அதுக்கு உடம்பு தானா கிளம்பிரும். ரயில் வேற சரியா அந்த மாதிரிதான் போகும்.

நிரந்தரமா டேபிள் போட்டு லேஅவுட் கட்ட எங்களுக்கு இடம் கிடையாது, ஹால் தரைதான். அதனாலதான் என்-ஸ்கேல் (நிஜ வண்டியை 160ல ஒரு பங்கா சுருக்குற சின்ன மாடல் அளவு) பக்கம் போனேன். கணக்கு போட்டுப் பாருங்க, நம்ம பெரம்பூர் ஐசிஎஃப் பெட்டி நிஜத்துல ஏறக்குறைய 21.3 மீட்டர் நீளம், அதை விடப் பெரிய மாடல் அளவான ஹெச்ஓ ஸ்கேல்ல 1:87ன்னு சுருக்குனா ஒரு பெட்டி 24.5 செ.மீ. வருது, பத்து பெட்டி கோத்தா ரெண்டரை மீட்டர், எங்க ஹாலோட பாதி போயிரும். என்-ஸ்கேல்ல 1:160ல அதே பெட்டி 13 செ.மீ. சொச்சம், பத்து பெட்டி 1.33 மீட்டர்ல அடங்குது. நம்ம ஊர் பிராட்கேஜ் 1676 மி.மீ. அகலம், என்-ஸ்கேல் தண்டவாளம் 9 மி.மீ., கண்டிப்பா பாத்தா பத்தரை வரணும், அந்த வித்தியாசத்தோடதான் இந்திய வண்டி செய்றவங்க எல்லாம் ஓட்டுறாங்க, பாக்குறதுக்கு உறுத்தல.

கேட்டோ ஜப்பான் கம்பெனி, 1965ல சி50ங்கிற நீராவி என்ஜினை இதே 9 மி.மீ. என்-கேஜ்ல மாடலா கொண்டு வந்தவங்க. அவங்க யூனிட்ராக்ல தண்டவாளம், ஸ்லீப்பர், அடியில ஜல்லி மேடு எல்லாம் ஒரே துண்டா வரும். ரெண்டு துண்டையும் சேத்து அமுக்குனா முனையில இருக்கிற யூனிஜாயினர்ங்கிற இணைப்பு டிக்னு பிடிச்சுக்கும். ஆணி வேண்டாம், பசை வேண்டாம், பலகை வேண்டாம். நேர் துண்டு எஸ்248 அப்டின்னா 248 மி.மீ. நீளம், வளைவு ஆர்315ன்னா 315 மி.மீ. ஆரம், அதுல எட்டு போட்டா முழு வட்டம். உள்ள ஆர்282 வட்டம் போட்டா ரெண்டு லைனுக்கும் நடுவுல சரியா 33 மி.மீ. வரும், இந்தப் பேரே அளவா இருக்கிறது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், பேப்பர்ல கணக்கு போட்டு வச்சா தரையில அப்படியே வருது. டீ கொதிக்கிறதுக்குள்ள ஒரு ஓவல் போட்டுறலாம், "டேய் அந்த ரயிலை எடுடா, மாப் போடணும்"னு அம்மா சொல்லி முடிக்கிறதுக்குள்ள கழட்டியும் வச்சிறலாம். நாய் வீட்டுக்கு இதான் பெரிய வசதி. ட்ராக் ராத்திரி முழுக்க தரையில கிடக்கிற வேலையே இல்ல, அலமாரிக்குப் போயிரும்.

லட்டு முப்பது கிலோவுக்கு மேல இருக்கும், அது ஓவலைக் குறுக்கால கடந்து தண்ணி குடிக்கப் போகும். முன்னாடி வேற ஒரு விலை கம்மி செட் வச்சிருந்தேன், வெறும் ட்ராக், தகரத்துல மெல்லிசா ஜாயினர், அது கால் பட்டாலே ஒரு பக்கம் விட்டுரும், அடுத்த சுத்துல வண்டி கவுந்துரும். யூனிட்ராக் அப்படி விடல, லட்டு இடிச்சா மொத்த ஓவலும் டைல்ஸ் மேல ஒண்ணா நகருது, ஜாயிண்ட் பிரியல. அடியில ஆங்காங்க மெல்லிசு ரப்பர் மேட் துண்டு வச்சா நகரவும் செய்யாது. கழட்டும்போது மட்டும் ரெண்டு துண்டையும் ஜாயிண்ட்கிட்ட பிடிச்சு லேசா மடக்கி எடுங்க, நடுவுல பிடிச்சு இழுக்காதீங்க. தினமும் போட்டு எடுக்கிற வீட்ல ஜாயினர் நாளடைவுல தளரும், அது தனி பாக்கெட்டா கிடைக்குது, ட்ராக் வாங்கும்போதே ஒண்ணு சேத்து வாங்கிருங்க.

முடி விஷயம். ஜல்லி மேடு இருக்கிறதால தண்டவாளம் தரையிலேர்ந்து கொஞ்சம் உசந்து நிக்குது, முடி பெரும்பாலும் கீழ டைல்ஸ்லயே கிடக்குது, வெறும் ட்ராக்க தரையில போட்டா அது நேரா சக்கரத்துக்குள்ள சுத்திக்கும். இதுல கம்மி, ஆனா சுத்தமா இல்லன்னு சொல்ல முடியாது, லேப் முடி காத்துல பறந்து எங்கயும் வரும். ஓட்டுறதுக்கு முன்னாடி தரையைக் கூட்டுங்க, ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால தண்டவாளத்தைத் துடைங்க (அந்த நேரம் நாய் வேற ரூம்ல இருக்கட்டும், வாடையும் ஆகாது, நக்கவும் கூடாது), ஓட்டி முடிச்சதும் என்ஜினைத் திருப்பிப் போட்டு ஆக்சில்ல முடி இருக்கான்னு பாத்து ட்வீஸர்ல எடுங்க. கியர் பல்லுக்குள்ள போன முடியை இழுத்து விட்டீங்கன்னா கியர் போயிரும், பொறுமையா ஆக்சிலைத் திருப்பித் திருப்பி எடுக்கணும். வாக்வம் போடுறவங்க குழாய் வாயில ஒரு பழைய சாக்ஸ் மாட்டிக்கோங்க, கழண்டு விழுந்த கப்ளர் (பெட்டிகளைக் கோக்குற கொக்கி) உள்ள போகாது.

கேட்டோ பெட்டி செட்டெல்லாம் புக் மாதிரி திறக்கிற கேஸ்ல வருதுல்ல, ஒவ்வொரு பெட்டிக்கும் ஸ்பாஞ்சுல ஒரு பள்ளம், அது நாய் வீட்டுக்கு நல்ல பாதுகாப்பு. மூடும்போது ஒரு பள்ளம் காலியா இருந்தா பெட்டி சோஃபா அடியில இருக்கணும் இல்லன்னா லட்டு வாயில இருக்கணும், அங்கயே தேடிரலாம். ஏதாச்சும் முழுங்கிருச்சுன்னு சந்தேகம் வந்தா வீட்லயே வாந்தி எடுக்க வைக்காதீங்க, கூரா இருக்கிற பிளாஸ்டிக் திரும்பி வரும்போது இன்னும் கிழிக்கும், உடனே நாய் டாக்டருக்கு ஃபோன் போடுங்க. எல்லாத்தையும் விட ஆபத்து பட்டன் பேட்டரி. சின்ன வீடு, ஸ்டேஷனுக்கு லைட் போட அதை வைக்கிறாங்க, நாய் முழுங்குனா கொஞ்ச நேரத்துலயே உணவுக் குழாயைப் பொசுக்கிரும். நாய் இருக்கிற வீட்ல அது வேண்டவே வேண்டாம், ட்ராக்லேர்ந்தே கரண்ட் எடுத்து எல்இடி போடுங்க.

இப்ப வீரா. முதல்ல கதவுல வைக்கிற ஒரு ப்ரெஷர் கேட் வாங்குனேன், திருகி இறுக்குறது, பிராண்ட் பேர் வேண்டாம். லட்டுவுக்கு அது போதும், சிப்பிப்பாறைக்கு அந்த உசரம் ஒண்ணுமே இல்ல, நின்ன இடத்துலேர்ந்து தாண்டுது, ஒரு தடவை கால் பட்டு கேட்டே வழுக்கி விழுந்துச்சு. தடுப்பு வச்சு வேட்டை நாயை அடக்க முடியாது, பழக்கித்தான் ஆகணும்.

பழக்குனது எப்படின்னா, ஒரு பாய், அதான் அதோட இடம், ரயில் இல்லாமலே பல நாள் "பாய்ல படு"ன்னா போய்ப் படுக்கணும், படுத்தா வேகவச்ச சிக்கன், உப்பு வெங்காயம் எதுவும் இல்லாம. அப்புறம் நிக்கிற என்ஜினை மட்டும் தரையில வச்சு, அதைப் பாத்துட்டு என்னைப் பாத்தா சிக்கன். அதுக்கப்புறம்தான் ஓட்டுறது, அதுவும் ஹாலோட அந்தக் கோடியில நாய், இந்தக் கோடியில ட்ராக், என்ஜின் ஊர்ந்து போற வேகம். காது விறைச்சு உடம்பு தாழ்ந்துச்சுன்னா கிட்ட வந்துட்டோம்னு அர்த்தம், அப்ப திட்டக்கூடாது, ட்ரெயினை நிறுத்திட்டு தூரத்தைக் கூட்டணும். இங்கதான் யூனிட்ராக் ரொம்ப உதவுது, ஓவலை அன்னைக்கு எந்த இடத்துல வேணும்னாலும் போடலாம், நாய் தேறத் தேற ஒரு நேர் துண்டா கிட்ட நகத்திக்கிட்டு வரலாம். பலகையில அடிச்ச ட்ராக்குல இந்த வேலை ஆகாது. ஓட்டுறதுக்கு முன்னாடி நல்லா ஓட விட்டுக் கூட்டிட்டு வாங்க, ஓடாத சிப்பிப்பாறைகிட்ட எந்தப் பயிற்சியும் எடுபடாது. லீஷை டேபிள் காலில கட்டிப் போடாதீங்க, பாஞ்சுச்சுன்னா டேபிளும் வரும்.

சத்தம் பத்தியும் சொல்லணும். டிசிசி டீகோடர் (டிஜிட்டல் சிக்னலை வச்சு என்ஜினைக் கட்டுப்படுத்துற சின்ன சர்க்யூட்) போட்டவங்க "சத்தமே வராத மோட்டார்"னு சொல்றாங்கல்ல, அது மோட்டாருக்குப் போற துடிப்பை 20 கிலோஹெர்ட்ஸ் பக்கம், அதுக்கும் மேல தூக்கி வைக்கிறதால நம்ம காதுக்குக் கேக்காது. நாய்க்கு 45 கிலோஹெர்ட்ஸ் வரை கேக்கும். நமக்கு அமைதியா ஓடுற என்ஜினைப் பாத்து நாய் தலையைச் சாய்ச்சா, முணகுனா, அதுக்கு நிஜமாவே ஏதோ கேக்குதுன்னு எடுத்துக்கோங்க. நான் சாதா டிசியிலதான் ஓட்டுறேன்.

கரண்ட் விஷயத்துல கவனம் வேணும். ஜப்பான்ல விக்கிற பவர் பேக்கோட (ட்ராக்குக்கு கரண்ட் குடுத்து வேகத்தை மாத்துற பெட்டி) அடாப்டர் அந்த ஊர் 100 வோல்ட்டுக்கு, நம்ம ப்ளக்ல 230. நேரா சொருகாதீங்க. நமக்கு அந்தப் பேக்கே வேணும்னும் இல்ல, ட்ராக்குக்கு கரண்ட் குடுக்கிற ஃபீடர் துண்டுலேர்ந்து நீலம் வெள்ளைன்னு ரெண்டு ஒயர் வருது, அதை எந்த நல்ல 12 வோல்ட் டிசி கண்ட்ரோலர்லயும் மாட்டலாம். ஒயரை பாய்க்கு எதிர்ப் பக்கமா சுவரோரம் கொண்டு போங்க, லட்டு மாதிரி நாய்க்கு ஒயர்னா தனிப் பிரியம்.

விலை குறைவில்ல, இந்தியாவுல வாங்குனா ஷிப்பிங், கஸ்டம்ஸ்னு இன்னும் ஏறும், ஜப்பான்லேர்ந்து யாராச்சும் வந்தா சொல்லி வைக்கிறது நல்லது, ட்ராக் பெட்டி தட்டையா இருக்கும், சூட்கேஸ்ல அடங்கும். தனி ரூம் இருக்கு, டேபிள் நிரந்தரமா இருக்கு, நாய் உள்ளயே வராதுன்னா ஃப்ளெக்ஸ் ட்ராக் போடுங்க, வளைவு இஷ்டத்துக்கு வரும், செலவும் கம்மி. தரையில ஓட்டுற நாய் வீட்டுக்குன்னா இதைத் தவிர வேற எதையும் நான் சொல்ல மாட்டேன்.

முதல் தடவை வாங்குறவங்களுக்கு ஆர்315 ஓவல் ஒண்ணு, ஃபீடர் ஒண்ணு, ஜாயினர் பாக்கெட் ஒண்ணு போதும். பாயிண்ட் (வண்டியை வேற லைனுக்குத் திருப்புற துண்டு) வேணும்னா நாலாம் நம்பரை விட ஆறாம் நம்பர் எடுங்க, 718 மி.மீ. ஆரம், நீளமான பெட்டி அலுங்காம திரும்பும், ஆனா அது நாய் பாய்ல படுக்கப் பழகுன பிறகு வாங்குனா போதும், ரெண்டு வண்டியை ஒரே நேரத்துல ஓட்டிக்கிட்டு நாயையும் பாக்க ஒரு ஆளால முடியாது.