பார உலோகம் ஏறிய செம்மண்ணுக்கு எது: மைக்கோரைசாவா, ரைக்கோடேர்மாவா?

இரண்டும் பங்கசுதான். ஆனால் கட்மியமோ ஈயமோ செப்போ கூடிப்போன மண்ணில் இவை செய்யும் வேலை ஒன்றல்ல. இரண்டுமே உலோகத்தை அழிக்காது. மண்ணுக்கும் வேருக்கும் இலைக்கும் இடையில் அது எங்கே தங்குகிறது என்பதைத்தான் மாற்றும்.

மைக்கோரைசா வேருக்குள் குடியிருக்கும். அதன் இழைகளின் சுவர் உலோகத்தைப் பிடித்து வைப்பதால் பெரும்பங்கு வேரோடு நின்றுவிடும், இலைக்கும் காய்க்கும் ஏறுவது குறையும். பொஸ்பரசையும் இழுத்துக் கொடுப்பதால் செடி பெருத்து வளரும். உள்ளே போன கொஞ்ச உலோகமும் பரவி ஐதாகிவிடும். ரைக்கோடேர்மா அழுகல் நோயைத் தடுப்பதில் கெட்டிக்காரன். ஆனால் அது சுரக்கும் அமிலங்கள் இறுகிக் கிடந்த உலோகத்தைக் கரைக்கக்கூடும். சில சோதனைகளில் செடி எடுத்த கட்மியம் கூடியே இருக்கிறது. உலோகத்தை உறிஞ்சி வெளியேற்றச் செடி வளர்ப்பவருக்கு அது இலாபம். மிளகாய்த் தோட்டத்துக்கு அல்ல.

வெங்காயம், மிளகாய், கத்தரி, புகையிலை நடுபவர்களுக்கு எங்கள் தெரிவு மைக்கோரைசா. கோவா, முள்ளங்கி, பீற்றூட், கீரைக்கு அதை வாங்குவது வீண்காசு: அந்தக் குடும்பங்களின் வேரில் இந்தப் பங்கசு சேராது. கீரையோ கட்மியத்தை இலையில் சேர்க்கும் பயிர், ஆகவே சந்தேகமான மண்ணில் கீரையே வேண்டாம்.

மைக்கோரைசாத் தூளைப் போடும் இடம் நாற்றுமேடை. விதைக்குக் கீழே 2–3 சென்ரிமீற்றர் ஆழத்தில், சதுர மீற்றருக்கு 100 கிராம். வெங்காயமென்றால் நடும் குழியில் வேர் தொடும்படி 5–10 கிராம். வேரில் பிடிக்க 3–4 கிழமை செல்லும். வளர்ந்த செடியைச் சுற்றித் தூவிப் பயனில்லை. வீட்டிலும் பெருக்கலாம்: அவித்து ஆற்றிய மணல் 3 பங்கு, மண் 1 பங்கு, கொஞ்சம் தாய்த்தூள் (வாங்கிய மைக்கோரைசாத் தூள்), மேலே சோளம் விதைக்க வேண்டும். 3 மாதத்தில் தண்ணீரை நிறுத்தி, வேரை நறுக்கி, நிழலில் உலர்த்த வேண்டும்.

பிழை நடப்பது பெரும்பாலும் ரீ.எஸ்.பி. என்ற பொஸ்பரசுப் பசளையால். பொஸ்பரசு தாராளமாகக் கிடைத்தால் செடி பங்கசைச் சேர்க்காது. கட்மியமே அந்தப் பசளையோடு சிறுகச் சிறுக வரக்கூடியது என்பது இன்னொரு தலையிடி. மண் பரிசோதனை சொன்னதற்கு மேல் ஒரு பிடியும் போடாதீர்கள். காபென்டசிம் என்ற பங்கசுநாசினிக் கரைசலை வேரில் ஊற்றினாலும் கதை முடிந்தது. அடிக்கடி ஆழமாகக் கொத்தினால் இழை அறும்.

ரைக்கோடேர்மா வேண்டுமென்றால், 16 பரப்புக்கு (ஒரு ஏக்கர்) 1 கிலோவை 20 கிலோ உக்கிய எருவில் கலந்து ஈரமாக வைத்துப் போடலாம். ஆனால் மைக்கோரைசாவோடு ஒரே நாளில் வேண்டாம், அதன் இழைகளையும் இது தின்னும்.

உலோகத்தைக் கட்டுப்படுத்தச் சுண்ணாம்பு போடச் சொல்வது அமில மண்ணுக்கான புத்திமதி. யாழ்ப்பாணத்து வலிகாமச் செம்மண் சுண்ணக்கல்லின் மேல் கிடப்பது, அதன் பீ.எச். பெரும்பாலும் ஏற்கெனவே 7ஐத் தாண்டும். அதைவிடக் கிணற்று நீரைப் பாருங்கள்: உவர் நீரின் குளோரைட்டு கட்மியத்தோடு சேர்ந்து அதை வேருக்குள் இலகுவாக அனுப்பும். அப்படி இறைக்கும் தோட்டத்தில் மைக்கோரைசா மட்டும் போதாது, கூட்டெருவும் உமிக்கரியும் சேர வேண்டும்.

பழைய பற்றரி உடைத்த காணி போன்ற இடத்தில் மரக்கறிப் பேச்சே வேண்டாம். மைக்கோரைசா ஏற்றிய வெட்டிவேரை நெருக்கமாக நட்டு மண்ணை மூடிவிடுங்கள். தழையை ஆடுமாட்டுக்குப் போடவோ எருவாக்கவோ கூடாது.