அரை பிளேடு கத்தி: வெட்டுவது கூர் இல்லை, மூலை

சலூன் கத்தி மாதிரியே இருக்கும், பிளேடு மாட்டும் மடக்குக் கத்தியை வாங்கிய நண்பர் ஒருவர் கேட்டிருந்தார்: "காதுக்குக் கீழே தினமும் கீறிக்குது. கத்தியை மாத்தணுமா, பிளேடை மாத்தணுமா?" மூன்று வருஷமாக இதே கத்தியைப் பயன்படுத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டையும் மாற்ற வேண்டாம். அந்தக் கீறலைப் போடுவது பிளேடின் கூர் இல்லை, அதன் மூலை.

சாணை பிடிக்கும் பழைய சவரக்கத்திக்கு எடை உண்டு, பல கத்திகளில் நுனியும் மழுங்கலாக இருக்கும். இதில் இருப்பதோ 0.1 மில்லிமீட்டர் தடிமனில் பாதியாக உடைத்த ஒரு தகடு. இரண்டு பக்கமும் ஊசி மாதிரி மூலை. கூர் தோல்மேல் வழுக்கிப் போகும்; மூலை குத்தி இறங்கும். காது மடல், தாடை வளைவு, குரல்வளை என்று வெட்டு விழும் இடங்களைக் கவனியுங்கள். எல்லாமே முகம் வளைகிற இடம், பிளேடோ நேர்கோடு. கத்தியைத் திருப்பும்போது ஒரு மூலை மட்டும் தோலில் பதியும். பிளேடின் இரண்டு மூலையையும் மூடுகிற மாதிரி உதடு வைத்த கத்திகளும் கிடைக்கின்றன. அந்தச் சின்ன உதட்டை எல்லாக் கத்தியிலும் வைத்தால் என்ன? எனக்கு இதில் உள்ள தீராத எரிச்சல் இதுதான். கட்டிங் பிளையரால் மூலையை நறுக்கிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள், செய்யாதீர்கள். அந்த எஃகு நொறுங்கும், சில்லு கண்ணுக்குப் பறக்கும். நறுக்கிய இடமும் பிசிறு தட்டி இன்னும் மோசமாகக் கிழிக்கும்.

அடுத்தது பிளேடு உட்காரும் விதம். மேல்தாளைப் பிரிக்காமலே நீளவாக்கில் மடக்கி, 'டக்' என்று உடைகிற வரை அழுத்துங்கள். உடைந்த ஓரத்தில் பிசிறு இருந்தால் பிளேடு கோணலாகத்தான் உட்காரும். மாட்டிய பிறகு விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: வெளியே தெரியும் பட்டை இரண்டு முனையிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மயிரிழை கூடினாலும் அந்த மூலைதான் முதலில் தோலைத் தொடும். பட்டை ஒரு மில்லிமீட்டர் அளவில் தெரிந்தால் போதும். அதற்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கத்தி பழகிய கைக்கு மட்டுமே சரி.

சென்னையில் இன்னொரு தொல்லை தண்ணீர். போர் தண்ணியில் இருக்கும் கால்சியம் சோப்போடு சேர்ந்து திரியும், நுரை நிற்காது. வழுக்கல் இல்லாத முகத்தில் இந்தக் கத்தியை வைக்கவே கூடாது. நுரை அடிக்க மட்டும் அரை டம்ளர் கேன் தண்ணி எடுத்துக்கொள்ளுங்கள். முகத்தை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, பிரஷால் இரண்டு நிமிஷம் தேய்த்தால் முடி ஊறிவிடும்.

கோணம் சுமார் 30 டிகிரி. அழுத்தம் வேண்டவே வேண்டாம். கத்தி லேசாக இருப்பதால் கை தானாக அழுத்தப் பார்க்கும், அங்கேதான் பலர் தவறுகிறார்கள். முடி போகும் திசையிலேயே, ஒரு சென்டிமீட்டர் அளவில் குட்டிக் குட்டியாக இழுங்கள். இன்னொரு கை தோலை இழுத்துப் பிடித்தபடியே இருக்க வேண்டும். கிருதாவில் இறங்கும்போது காது மடலை மடக்கிக்கொண்டு, பிளேடின் நடுப்பகுதியை மட்டும் தோலில் படவிடுங்கள். காதுப் பக்கத்து மூலை கொஞ்சம் தூக்கியே இருக்கட்டும். குரல்வளையில் வழிக்கும்போது எச்சிலை விழுங்குவதைப் பாதியில் நிறுத்திப் பிடியுங்கள், அல்லது தோலை ஒரு பக்கமாக இழுத்துச் சமமான இடத்துக்குக் கொண்டுவந்து வழியுங்கள். கத்தியைப் பக்கவாட்டில் நகர்த்தவே கூடாது. தக்காளி நறுக்குவதும் அதே அசைவில்தான்.

வெட்டு விழுந்துவிட்டால்? புது பிளேடு வெட்டும்போது வலியே தெரியாது, ஆனால் ரத்தம் நிற்க நேரமாகும். முகத்தில் ரத்த ஓட்டம் அதிகம், வெட்டும் மெல்லிசாக, சுத்தமாக விழுந்திருக்கும். முதலில் குளிர்ந்த நீரில் கழுவி, சுத்தமான துணியால் ஐந்து நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் உறைந்ததெல்லாம் பிய்ந்துவிடும். படிகாரம் அதற்குப் பிறகுதான். ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போது வைத்தால் அது கரைந்து வழிந்து போய்விடும். கட்டியை நனைத்து வெட்டின்மேல் பத்து இருபது விநாடி வைத்தால் போதும். சுருக்கென்று எரியும், திசு சுருங்கிப் புரதம் உறைந்து அடைத்துக்கொள்ளும். ஒரு நிமிஷம் விட்டுக் கழுவுங்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள், பவுடர் எதையும் அப்ப வேண்டாம், வெட்டுக்குள் அழுக்கைத் திணிப்பதுதான் அது. பதினைந்து நிமிஷம் அழுத்தியும் நிற்கவில்லை, வெட்டு பிளந்து நிற்கிறது, உதட்டு ஓரம் கிழிந்திருக்கிறது என்றால் டாக்டரிடம் போய்விடுங்கள். ஆஸ்பிரின், வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்தக் கத்தியைத் தொடாமல் இருப்பதே நல்லது.

கத்தியையும் படிகாரத்தையும் வீட்டில் யாரோடும் பகிராதீர்கள். ரத்தம் வழியே பரவி ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும். சலூனில் நம் கண்ணெதிரே புது பிளேடை உடைத்து மாட்டச் சொல்வதும் இதற்காகத்தான்.

முடிந்தவரை ராத்திரியில் ஷேவ் செய்யுங்கள். காலையில் விழுந்த வெட்டு ஹெல்மெட் வாருக்குக் கீழே வியர்வையில் ஊறி, அண்ணாசாலை சிக்னலில் நிற்கும்போது மறுபடி திறந்துகொள்ளும்.

இவ்வளவு திட்டினாலும், கிருதாவை நேராக நிறுத்துவதற்கும் தாடிக்குக் கோடு போடுவதற்கும் இதற்கு ஈடு எதுவும் இல்லை. எங்கே வெட்டுகிறோம் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. மூன்று பிளேடு ரேஸரின் பட்டைத் தலை அந்த இடத்தையே மறைத்துவிடும். ஒற்றைக் கூர் தோலுக்கு அடியில் போய் முடியை வெட்டுவதில்லை, அதனால் சுருட்டை முடிக்காரர்களுக்குக் கழுத்தில் முடி உள்ளே வளர்ந்து கட்டி கட்டுவது குறைகிறது. செலவும் சொற்பம். ஒரு பிளேடை உடைத்தால் இரண்டு பாதி, ஒவ்வொரு பாதியும் இரண்டு ஷேவுக்குத் தாங்கும். அதற்கு மேல் இழுத்தால் முடியைப் பிடித்து இழுக்கும், கை அழுத்தும், வெட்டும்.

நண்பருக்கு என் பதில் இதுதான்: முகம் முழுக்க இதால் வழிக்காதீர்கள். கன்னத்துக்கும் தாடைக்கும் சாதாரண சேஃப்டி ரேஸர் போதும். கிருதாவுக்கும் கோட்டுக்கும் மட்டும் இதை எடுங்கள். தூக்கிப் போட்டுவிடாதீர்கள், நான் போடமாட்டேன். பயன்படுத்தியதும் பிளேடைக் கழற்றி, கத்தியைத் துடைத்து உலர்த்தி, கீலில் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் விடுங்கள். கடல் காற்றில் முதலில் துருப்பிடிப்பது அந்த ஆணிதான். பழைய பிளேடுகளை ஒரு தகர டப்பாவில் சேருங்கள், நிரம்பியதும் மூடியை டேப் போட்டு ஒட்டித் தனியாகக் கொடுங்கள். வெறும் பிளேடைக் குப்பையில் போட்டால், அதைக் கையால் பிரிக்கிற தூய்மைப் பணியாளரின் விரலைத்தான் அது கிழிக்கும்.