பஞ்சு இறக்குமதி: வரி போடலாமா, திறந்துவிடலாமா?

2021 பிப்ரவரியில் பஞ்சு இறக்குமதிக்கு வந்த வரி 11%. 2022-இல் சில மாதமும், 2025 ஆகஸ்ட் 19 முதல் டிசம்பர் 31 வரையும் அதை விலக்கினார்கள்.

விலை
வரி இருந்தால்: ரூ.60,000 கண்டிக்கு (356 கிலோ) ரூ.6,600 கூடும்.
இல்லாவிட்டால்: உள்ளூர் விலையும் சேர்ந்து இறங்கும்.

விவசாயி
வரி இருந்தால்: வேலி போட்ட மாதிரி.
இல்லாவிட்டால்: அரசு அறிவிக்கும் ஆதரவு விலைதான் கடைசிப் பிடி. 2025-26-இல் விதை நீக்காத நடுத்தர இழைப் பருத்திக்குக் குவிண்டால் ரூ.7,710. ஈரப்பதம் 12% தாண்டினால், அந்த விலைக்கு வாங்கும் அரசு நிறுவனமான பருத்திக் கழகம் வாங்காது.

தரம்
கையால் பறித்துச் சாக்கில் அடைக்கும் நம் பஞ்சில் பிளாஸ்டிக் நார் கலந்துவிடுகிறது. அது சாயம் ஏற்காது. கறுப்பு பனியன் துணியில் வெள்ளைப் புள்ளியாகப் பல்லிளிக்கும். இயந்திரத்தில் பறிக்கும் ஆஸ்திரேலியப் பஞ்சில் இந்தத் தொல்லை குறைவு. வரி போட்டு இதைச் சரிசெய்ய முடியாது, சாக்கைத்தான் மாற்ற வேண்டும்.

யாருக்கு எது?
ஏற்றுமதி மில்லுக்கு, ஏற்றுமதிச் சரக்குக்கான பஞ்சை முன்அனுமதித் திட்டத்தில் (Advance Authorisation) வரியில்லாமல் இறக்க வழி உண்டு. கடையில் நூல் வாங்கும் சின்ன நிட்டிங்காரருக்குத் (பனியன் துணி பின்னுபவர்) திறப்புதான் உதவும். மகாராஷ்டிராவின் விதர்பா பகுதிப் பருத்தி விவசாயிக்கு வரி, அதுவும் அறுவடை வரும் அக்டோபர் முதல் மார்ச் வரை. 2025 விலக்கு சரியாக அந்த நேரத்தில் போய் விழுந்தது. ஏப்ரலில் திறந்து செப்டம்பரில் மூடியிருக்கலாம்.